ஒரு பழைய கார்புரேட்டரும் அப்பாவின் காதும்

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு மாணவன்)



"கார்புரேட்டர் என்றால் என்ன?" என்று வைவாவில் கேட்டால் நம்மில் யாரும் தடுமாற மாட்டோம். "பெட்ரோலையும் காற்றையும் சரியான விகிதத்தில் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் சாதனம்" என்று மூச்சு விடாமல் ஒப்பித்துவிடுவோம். எக்ஸ்டர்னலும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். ஆனால் அந்தப் பதிலில் "சரியான" என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை நாம் யாரும் நின்று பார்ப்பதில்லை. எது சரி? நேற்றுச் சரியாக இருந்தது இன்றைக்கும் சரிதானா? இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"கார்புரேட்டர் எல்லாம் போன காலத்துச் சரக்கு, இனிமேல் எதுக்கு?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. உண்மைதான். கார்களில் அது எப்போதோ போய்விட்டது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த பிறகு புது பைக்குகளிலும் ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது. எல்லாம் இன்ஜெக்டர், சென்சார், இ.சி.யு. என்று ஆகிவிட்டது. அந்தப் பாடம் வரும்போது கடைசி பெஞ்சு தூங்குவதில் ஆச்சரியம் இல்லை. நான் தூங்காததற்குக் காரணம் படிப்பில் உள்ள ஆர்வம் மட்டும் அல்ல. எங்கள் வீட்டில் சோறு போட்டதே கார்புரேட்டர்தான்!

எங்கள் அப்பா மெக்கானிக். வடவள்ளிப் பக்கம் ஒரு சின்ன ஷெட். மேலே தகரம், கீழே மண் தரை. அப்பா படித்தது ஐந்தாவது வரை. பன்னிரண்டு வயதில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற பையனாகப் போனவர். எங்கள் சொந்தத்தில் பத்தாவது தாண்டி காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பாலிடெக்னிக்கில் எனக்கு இடம் கிடைத்த அன்று அப்பா சொன்னது ஒன்றே ஒன்று: "நீயாவது கையில கிரீஸ் படாம பொழைக்கோணும் கண்ணு." அதனால் ஷெட்டுக்கு வந்தாலும் என்னை வேலையில் கை வைக்க விடமாட்டார். ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படிக்கச் சொல்வார்.

அப்படி இருந்த ஷெட்டுக்கு 2025 கோடை விடுமுறையில் ஒரு கார் வந்தது. வந்தது என்றால் ஓடி வரவில்லை, கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். 1966 மாடல் அம்பாசிடர் மார்க் 2. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவருடைய வண்டி. அவருடைய அப்பா புதிதாக வாங்கியது. 2019-லிருந்து கொட்டகையில் நின்றுவிட்டது. வாத்தியாரய்யாவுக்கு ஒரு ஆசை. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 50 ஆண்டுக்கு மேலான வண்டிகளை "வின்டேஜ்" என்று தனியாகப் பதிவு செய்ய வழி செய்தது அல்லவா? அதில் தன் வண்டியைப் பதிவு செய்யவேண்டும். அதற்கு முக்கியமான நிபந்தனை, வண்டி பழைய உருவத்திலேயே இருக்கவேண்டும், சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாறுதல் எதுவும் செய்திருக்கக் கூடாது என்பது. "கண்டதை மாட்டி ஓட்டிராதப்பா, அவ அவளாவே இருக்கோணும்" என்று வாத்தியாரய்யா சொன்னார். வண்டியை அவர் "அவள்" என்றுதான் சொல்வார்!

செருப்புக் கடையிலிருந்து வந்த கார்புரேட்டர்

அந்த இன்ஜினில் இருப்பது எஸ்.யு. கார்புரேட்டர். நாம் லேபில் பார்க்கிற சோலெக்ஸ் மாதிரி இல்லை. சோலெக்ஸில் காற்று போகும் தொண்டையின் அளவு மாறாது. மெயின் ஜெட், பைலட் ஜெட், பம்ப் ஜெட் என்று ஆளுக்கொரு வேலை. எஸ்.யு.வில் ஒரே ஒரு ஜெட். அந்த ஜெட்டுக்குள் மேலிருந்து ஒரு ஊசி இறங்கியிருக்கும். ஊசி கீழே போகப்போக மெலிந்துகொண்டே போகும். ஊசியின் தலை ஒரு பிஸ்டனில் மாட்டியிருக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் இழுக்கும் இழுப்பில் பிஸ்டன் தானாக மேலே எழும்பும். எழும்பினால் காற்று வழி பெரிதாகும். கூடவே ஊசியும் மேலே போவதால் ஜெட்டில் இடைவெளி கூடி பெட்ரோலும் அதிகமாக வரும். காற்று எவ்வளவோ, பெட்ரோலும் அவ்வளவு. இன்ஜினே தன் பசிக்குத் தகுந்தாற்போல் பரிமாறிக்கொள்கிற ஏற்பாடு என்று சொல்லலாம்.

இதைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் என்பவர். எஸ்.யு. என்றால் ஸ்கின்னர்ஸ் யூனியன். 1910-ல் கம்பெனியாக ஆனது, 1926-ல் மோரிஸ் கம்பெனிக்காரர் வாங்கினார். அந்த மோரிஸ் வழியில் வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைத்தான் 1957-லிருந்து உத்தர்பாராவில் அம்பாசிடர் என்று செய்தார்கள், 2014-ல் நிறுத்தினார்கள். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. ஸ்கின்னர் குடும்பம் செருப்புக் கடைக் குடும்பம். முதலில் செய்த எஸ்.யு. கார்புரேட்டர்களில் பிஸ்டன் கிடையாது. அதற்குப் பதிலாகத் தோலால் செய்த துருத்திதான் இருந்தது! வீட்டுத் தொழிலில் புழங்கிய தோல் இன்ஜினுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. வீட்டுத் தொழிலைச் சொல்லக் கூச்சப்படுகிற நம்மைப் போன்றவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

கழற்றினோம்

கார்புரேட்டரை இறக்கி மேஜையில் வைத்துத் திறந்தபோது அப்பா "ச்சொ" என்றார். ஃப்ளோட் சேம்பரின் அடியில் வெள்ளையும் பச்சையுமாகப் பாசி மாதிரி படிந்திருந்தது. ஆறு வருஷம் நின்ற பெட்ரோல் காய்ந்து, பழுப்பாக வார்னிஷ் பூசியது போல் ஒட்டியிருந்தது. கார்க் கேஸ்கட் கையில் எடுத்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ரப்பர் ஊறிப்போய் உப்பியிருந்தது. த்ராட்டில் ஸ்பிண்டில் பென்சில் கனம்தான் இருக்கும். அதைப் பிடித்து ஆட்டினால் லொடலொட என்று ஆடியது. அது சுற்றும் துளை தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டது. "இந்தச் சந்துல திருட்டுக் காத்து உள்ள போகுங்கண்ணு. அப்புறம் எப்பிடி டியூன் பண்ணுனாலும் நிக்காது" என்றார்.

அன்றைக்குத்தான் அவர் முதல் தடவையாக என்னை ஸ்டூலிலிருந்து எழுப்பினார். துளைக்கு புஷ் போடவேண்டும். வழக்கமாகக் கொடுக்கிற லேத் பட்டறை மூடிப் போய்விட்டது. "உங்க காலேஜ்ல லேத் இருக்குதல்லோ?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மகனிடம் உதவி கேட்பது அவருக்குப் பழக்கம் இல்லை.

ஒர்க் ஷாப் சாரிடம் அனுமதி வாங்கினேன். ஃபேஸிங், டர்னிங், நர்லிங் என்று மதிப்பெண்ணுக்காகச் செய்துவிட்டு ஸ்க்ராப்பில் போடுகிற நமக்கு, ஓடப்போகிற ஒரு வண்டிக்காக லேத் முன் நிற்பது எவ்வளவு வித்தியாசமாக இருக்கிறது தெரியுமா! கன்மெட்டல் கம்பியில் சின்னதாக இரண்டு புஷ். வெளி அளவு துளையை விட ஒரு மயிரிழை கூடுதலாக, இறுக்கி அடிக்கிற மாதிரி. உள் அளவை ரீமர் போட்டு முடித்தேன். பாடியில் இரண்டு பக்கத் துளையும் ஒரே நேர்கோட்டில் இல்லையென்றால் ஸ்பிண்டில் மாட்டிக்கொள்ளும். அதனால் ஒரே ரீமரை இரண்டு பக்கமும் ஊடுருவ விட்டோம். அப்பா ஸ்பிண்டிலைப் போட்டு இரண்டு விரலால் சுற்றிப் பார்த்தார். ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கி வரச் சொன்னார். எனக்கும் சேர்த்து!

அப்பாவின் சட்டங்கள்

கழுவும்போது அப்பா வாய்ப்பாடு மாதிரி சில சட்டங்கள் சொன்னார். எந்தப் புத்தகத்திலும் இருக்கக்கூடிய தரம்.

முதல் சட்டம்: பிஸ்டனையும் அதன் மேல் மூடியையும் வேறு கார்புரேட்டரோடு மாற்றிப் போடக்கூடாது. இரண்டும் ஒன்றுக்கொன்று உரசாமல், ஆனால் காற்றும் அதிகம் கசியாமல் ஜோடியாகக் கடைந்தவை. "புருசன் பொண்டாட்டி மாதர" என்பார்.

இரண்டாவது: உள்ளே எமரி பேப்பர் படக்கூடாது. தின்னரும் பழைய பனியன் துணியும் போதும்.

மூன்றாவது: பிஸ்டனின் பக்கத்தில் எண்ணெய் போடக்கூடாது. நடுத் தண்டுக்கு மட்டும்தான். பக்கத்தில் எண்ணெய் இருந்தால் தூசி ஒட்டி மாட்டிக்கொள்ளும்.

நான்காவது: ஊசியை மாட்டும்போது அதன் தோள் பிஸ்டன் அடியோடு சமமாக இருக்கவேண்டும். ஜெட் நடு மையத்தில் நிற்கவேண்டும். பிஸ்டனைத் தூக்கி விட்டால் "டக்" என்று சுத்தமாக ஒரு சத்தம் வரவேண்டும். மெத்தென்று விழுந்தால் ஊசி ஜெட்டில் உரசுகிறது என்று அர்த்தம்.

பிஸ்டனும் மூடியும் நல்ல நிலையில் இருக்கிறதா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, பிஸ்டனில் உள்ள துளைகளை அடைத்து, தலைகீழாகப் பிடித்து மூடியை விடவேண்டும். உள்ளே மாட்டிய காற்று மெதுவாகக் கசிய, மூடி தயங்கித் தயங்கி இறங்கும். இந்தச் சைஸுக்கு 3-லிருந்து 5 விநாடி இருக்கவேண்டும் என்று சர்வீஸ் மேனுவல் சொல்கிறது. அப்பாவுக்கு மேனுவல் தெரியாது. அவர் மூடியை விட்டுவிட்டு "முருகா... முருகா... முருகா... முருகா..." என்றார். நாலாவது முருகாவில் மூடி கீழே வந்தது. "நல்லாருக்குது" என்றார். நான் செல்போனில் ஸ்டாப் வாட்ச் வைத்திருந்தேன். நாலு விநாடி!

கேஸ்கட்டெல்லாம் புதிது. பெட்ரோல் ஹோஸும் ஃப்ளோட் ஊசி வால்வும் எத்தனால் தாங்குகிற ரகமாகப் பார்த்து வாங்கினோம். ஃப்ளோட் லெவலுக்கு ஒரு ட்ரில் பிட்டைத்தான் அளவுகோலாக வைத்தார். எல்லாம் முடித்து வண்டியில் ஏற்றினோம்.

வண்டி ஓடியது... ஆனால்!

எஸ்.யு.வில் மிக்ஸர் வைப்பது ஜெட்டின் அடியில் இருக்கும் ஒரு ஆறு பட்டை நட்டில். நட்டைக் கீழே இறக்கினால் ஜெட் இறங்கும், பெட்ரோல் கூடும். மேலே ஏற்றினால் குறையும். ஒரு பட்டை திருப்பினால் ஜெட் நகர்வது சுமார் 0.16 மில்லிமீட்டர்தான். அப்பாவின் கணக்கு எப்போதும் ஒன்றே: ஜெட்டை மேல் மட்டத்துக்குச் சமமாக ஏற்று, பிறகு இரண்டு முழுச் சுற்று, அதாவது பன்னிரண்டு பட்டை கீழே இறக்கு. அதற்குப் பின் காதை வைத்துக் கேட்டு, அரைப் பட்டையோ ஒரு பட்டையோ இப்படி அப்படி. அவ்வளவுதான். இதே வண்டிக்கு 2014-லும் அவர்தான் அப்படி வைத்துக் கொடுத்திருக்கிறார்.

இப்போதும் பன்னிரண்டு பட்டை வைத்தார். செல்ப் அடித்தார். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது! வாத்தியாரய்யா கை தட்டினார். ஆனால் அப்பாவின் முகம் மலரவில்லை. சைலென்சர் பக்கம் போய்க் குனிந்து நின்றார். சத்தம் ஒரே சீராக இல்லை. சிதறிச் சிதறி வந்தது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் கார்புரேட்டர் பக்கம் "ஃபட்" என்று தும்மியது. ஒரு பட்டை இறக்கினார், இரண்டு, மூன்று இறக்கினார். கொஞ்சம் அடங்கியது. மூன்று பட்டைக்கு மேல் அவர் கை போகவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"வாத்தியாரய்யா, நாளைக்குப் பாத்துக்கலாமுங்க."

அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா கேட்டதற்கும் பதில் இல்லை. படுக்கப் போகும் முன் திண்ணையில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "என்ற காது போச்சாட்ட இருக்குது கண்ணு. பன்னெண்டு பட்டை எங்காயுசுல தப்புனதில்ல. இப்ப பதினஞ்சு வெச்சாலும் பத்துலங்குது காது. காத நம்பறதா, கையை நம்பறதா?"

அப்போதுதான் தெரிந்தது, அந்த வருஷத்தில் இது மூன்றாவது வண்டி என்று. முன்னால் வந்த இரண்டு பழைய வண்டிகளிலும் இதே மாதிரி சரியாக வராமல், வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. இந்த வண்டியையும் திருப்பி அனுப்பிவிட்டு, பெட்ரோல் வண்டி வேலையே வேண்டாம், பஞ்சர் கடை போதும் என்று முடிவு செய்து வைத்திருந்தார். வாத்தியாரய்யாவின் மகன் வேறு, "பேசாம வேற ஒரு கார்புரேட்டரை மாட்டிடலாமே" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாற்பது வருஷம் காதை வைத்துப் பிழைத்த மனிதருக்குக் காது போய்விட்டது என்றால், அப்புறம் என்ன மிச்சம் இருக்கும்?

நோட்டின் பின்பக்கக் கணக்கு

மறுநாள் காலையில் நான் ஒரு சோதனை செய்து பார்த்தேன். எஸ்.யு.வில் பிஸ்டனைத் துளி தூக்கிப் பார்க்க ஒரு சின்ன ஊக்கு இருக்கும். இன்ஜின் ஓடும்போது அதை கால் நூல், அதாவது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அளவு, தூக்கவேண்டும். இன்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். லேசாகக் கூடி உடனே பழையபடி ஆனால் சரி. படுத்துவிட்டால் பெட்ரோல் பற்றாது. அப்பா வைத்த பதினைந்து பட்டையில் ஊக்கைத் தூக்கினேன். இன்ஜின் படுத்துவிட்டது!

ஆக, காது சொன்னது சரி. பெட்ரோல் பற்றவில்லைதான். அப்படியானால் மாறியது எது? கார்புரேட்டர் அதே, ஊசி அதே, ஜெட் அதே. மாறக்கூடியது இன்னும் ஒன்றுதான் இருக்கிறது. பெட்ரோல்!

"பெட்ரோல் முன்ன மாதர இல்லீடா" என்று அப்பா இரண்டு வருஷமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். ஷெட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். வயசானவர்கள் எதைத்தான் முன்ன மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள்! ஆனால் கணக்கைப் பாருங்கள். 2014-ல் நம் நாட்டுப் பெட்ரோலில் சராசரியாகக் கலந்த எத்தனால் 2 சதவீதம்கூட இல்லை. 2022 ஜூனில் அது 10 சதவீதத்தைத் தொட்டது. 2025-ல் 20 சதவீதம். அதைத்தான் பங்கில் ஈ20 என்று எழுதியிருக்கிறார்கள்.

எத்தனாலின் எடையில் சுமார் 35 சதவீதம் ஆக்சிஜன். அது தன் காற்றில் ஒரு பகுதியைத் தானே கொண்டு வருகிறது. அதனால் ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும் என்றால், ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ காற்று போதும். ஈ20-க்குக் கணக்குப் போட்டால் சுமார் 13.5 வருகிறது. திருப்பிச் சொன்னால், அதே அளவு காற்றுக்கு முன்பு ஒரு கிலோ ஊற்றினால் இப்போது 1.09 கிலோ ஊற்றவேண்டும். ஏறக்குறைய 9 சதவீதம் கூடுதல்.

இன்றைய கார்களில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. சைலென்சர் பைப்பில் உட்கார்ந்து புகையை முகர்ந்து பார்த்து, "பத்தலை, கொஞ்சம் ஊற்று" என்று இ.சி.யு.வுக்குச் சொல்லிவிடும். 1966 அம்பாசிடரில் அந்த சென்சார் கிடையாது. அந்த வேலையைச் செய்வது எங்கள் அப்பாவின் காதுதான். அதுவும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, "பத்தலை" என்று.

இதையெல்லாம் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கம் எழுதி அப்பாவிடம் காட்டினேன். எண்களைப் படிப்பார், ஆனால் பாயிண்ட் வைத்த எண் அவருக்குப் பழக்கம் இல்லை. அதனால் இப்படிச் சொன்னேன்: "அப்பா, முன்ன நூறு சொட்டு ஊத்துன எடத்துல இப்ப நூத்தி ஒம்போது சொட்டு வேணுங்க. காது சரியாத்தானுங்க சொல்லுது. பன்னெண்டு பட்டைங்கற கணக்குத்தான் பழைய பெட்ரோலோட கணக்குங்க."

நெடுநேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப நான் சொன்னது நெசந்தானா? பெட்ரோலு முன்ன மாதர இல்லையா?" என்றார்.

"நெசந்தானுங்கப்பா. ரெண்டு வருசமா நீங்க மட்டுந்தான் நெசத்தச் சொல்லிட்டிருந்தீங்க."

எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

இரண்டரைக் கோடு

நட்டை இன்னும் இறக்கியதும் ஸ்லோ ஸ்பீடு சீராகிவிட்டது. ஊக்கைத் தூக்கினால் லேசாகக் கூடி உடனே அடங்கியது. இப்போது அப்பாவின் கை பயப்படவில்லை. ஆனால் ரோட்டில் எடுத்து மூன்றாவது கியரில் மேடு ஏற்றிப் பார்த்ததில் இன்னும் இழுவை பற்றவில்லை. பிளக்கைக் கழற்றினால் வெளுத்துக் கிடந்தது. நட்டை இறக்குவது ஸ்லோவில்தான் அதிகம் உதவும்; நடு வேகத்துக்கு ஊசியின் மேனியே மெலியவேண்டும்.

அப்பாவிடம் ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. அதில் முப்பது நாற்பது ஊசிகள். ஊசித் தலையில் இருக்கும் எழுத்தெல்லாம் தேய்ந்துபோய்விட்டது. எது எதற்கு என்று அவர் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. "இது ஊட்டி வண்டியில கழட்டுனது, தடிப்பு ஊசி. மேல காத்து கம்மி, பெட்ரோலும் கம்மியாப் போவோணும். நமக்கு ஆகாது" என்று ஒதுக்கினார். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி என்ன என்று நான் சூத்திரம் போட்டுத்தான் சொல்லமுடியும். அவர் ஊசியைப் பார்த்ததும் சொல்கிறார்! இப்படிப் பேசிப் பேசியே நாற்பதில் ஐந்தாகக் குறைத்தார்.

அந்த ஐந்தையும் எடுத்துக்கொண்டு மெட்ராலஜி லேபுக்குப் போனேன். எஸ்.யு. ஊசியை எட்டில் ஒரு இன்ச்சுக்கு ஒரு இடம் என்று குறித்து விட்டம் அளப்பதுதான் முறை. மைக்ரோமீட்டரால் அளந்து அட்டவணை போட்டேன். ஜெட்டின் துளை 2.29 மில்லிமீட்டர். உதாரணமாக, நடுப்பகுதியில் ஒரு இடத்தில் பழைய ஊசி 2.03 இருந்தது. துளையின் பரப்பில் ஊசியின் பரப்பைக் கழித்தால் கிடைப்பதுதான் பெட்ரோல் போகிற வளையச் சந்து. அது 9 சதவீதம் கூடவேண்டுமானால் ஊசி எவ்வளவு மெலியவேண்டும் தெரியுமா? 2.03 இருந்த இடத்தில் 2.005 இருந்தால் போதும். வித்தியாசம் 0.025 மில்லிமீட்டர். மைக்ரோமீட்டரில் இரண்டரைக் கோடு. தலைமுடியின் கனத்தை விடக் குறைவு!

நண்பர்களே, அந்த இரண்டரைக் கோடுதான் ஒரு மனிதரின் நாற்பது வருஷ நம்பிக்கையைத் தின்றுகொண்டிருந்தது.

ஐந்தில் ஒரு ஊசி பெரும்பாலான இடங்களில் கிட்டத்தட்ட அந்த அளவில் இருந்தது. அதை மாட்டினார். அப்பா ஓட்ட, வாத்தியாரய்யா முன்னால் உட்கார, நான் பின் சீட்டில். மருதமலை ரோட்டில் ஏறினோம். மலைப்பாதையில் ஒரு தும்மல் இல்லை. மேலே போய் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். காய்ந்த சுக்குக் கலர். வாத்தியாரய்யா ஒன்றும் பேசாமல் பானெட்டைத் தடவிக்கொண்டே நின்றார்.

திரும்பி வந்ததும் அப்பா ஒரு காரியம் செய்தார். முன்பு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்த இரண்டு வண்டிக்காரர்களுக்கும் போன் போட்டார். "வண்டியைக் கொண்டாங்க, காரணம் தெரிஞ்சு போச்சு. எம்பையன் கண்டுபுடிச்சான்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏனென்றால் கண்டுபிடித்தது அவர் காது. நான் அதற்கு எண் கொடுத்தேன், அவ்வளவுதான்.

இப்போது டின்னில் இருக்கும் ஊசிகள் ஒவ்வொன்றையும் அளந்து, சின்னக் கவரில் போட்டு, அளவையும் அப்பா சொல்கிற கதையையும் எழுதி வருகிறேன். "ஊட்டி வண்டி", "சீட்டுக் கம்பெனிக்காரர் வண்டி", "இழுவை நல்லாருக்கும்" என்று. பதினேழு முடிந்திருக்கிறது. அப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அவர் என்னை ஸ்டூலில் உட்காரச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

நம்மில் பலபேர் வீட்டில் முதல் பட்டயம் நாம்தான். தறி, லேத், ஃபவுண்டரி, கட்டட வேலை, மோட்டார் ரீவைண்டிங் என்று நம் அப்பா அம்மாக்கள் செய்கிற தொழிலில் "முன்ன மாதிரி இல்லை" என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அதைப் புலம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எது மாதிரி இல்லை, எப்போதிருந்து இல்லை என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நம் சிலபஸில் எங்கோ ஒரு பக்கத்தில் அதற்கு ஒரு சூத்திரம் காத்திருக்கலாம். அளப்பதற்கு நம் லேபில் மைக்ரோமீட்டரும் இருக்கிறது. ரெக்கார்டு எழுதுகிற நாள் தவிர மற்ற நாளில் அது சும்மாதான் கிடக்கிறது!